கன்று வீச்சு நோயும் காய்ச்சாத பாலும்

கறவை மாடு ஏழாம் மாதத்தில் கன்றை வீசிவிட்டால் அக்குடும்பத்துக்கு ஏற்படும் இழப்பை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கன்று போயிற்று, அந்த ஈற்றுப் பாலில் பெரும்பகுதி போயிற்று, நஞ்சுக்கொடி விழாமல் தங்கிவிட்டால் அடுத்த சினையும் பல மாதம் தள்ளிப்போகும். இவை கண்ணுக்குத் தெரிகின்ற இழப்புகள். அதே நிகழ்ச்சியில் கண்ணுக்குத் தெரியாத கேடு ஒன்றும் மறைந்திருக்கக்கூடும். சில வாரங்கள் கழித்து அவ்வீட்டில் ஒருவருக்கு மாலையில் ஏறிக் காலையில் தணியும் காய்ச்சல் வருகிறது. இரவில் துணி நனையும் அளவுக்கு வியர்க்கிறது. இடுப்பிலும் மூட்டுகளிலும் வலி. மலேரியாவோ, டைபாய்டோ என்று மருந்து சாப்பிட்டுப் பார்க்கிறார்கள். காய்ச்சல் போகிறது, மீண்டும் வருகிறது. தொழுவத்தில் நடந்ததற்கும் இக்காய்ச்சலுக்கும் உறவு உண்டென்று வீட்டில் எவரும் நினைப்பதில்லை.

இவ்விரண்டையும் இணைக்கும் நோய்க்குப் புருசெல்லோசிஸ் என்று பெயர். மாட்டில் இதைக் கன்று வீச்சு நோய் அல்லது தொற்றுக் கருச்சிதைவு நோய் என்கிறோம். மனிதரில் இதற்கு அலைக் காய்ச்சல் என்றும் மால்டாக் காய்ச்சல் என்றும் பெயர்கள் உண்டு. புருசெல்லா என்னும் மிகச் சிறிய பாக்டீரியாவே இந்நோயை உண்டாக்குகிறது. மாட்டிலும் எருமையிலும் பெரும்பாலும் காணப்படுவது புருசெல்லா அபார்ட்டஸ். வெள்ளாட்டிலும் செம்மறியிலும் காணப்படுவது புருசெல்லா மெலிடென்சிஸ். பன்றிக்கு உரியது புருசெல்லா சூயிஸ். இம்மூன்றும் மனிதரைத் தாக்கும். அவற்றுள் ஆட்டிலிருந்து வருவதே மிகக் கடுமையானது.

மால்டாத் தீவின் ஆடுகள்

இந்நோய்க்கும் பாலுக்கும் உள்ள தொடர்பு கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு ஆடு, மாடு வளர்ப்போர் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

மத்தியதரைக் கடலிலுள்ள மால்டாத் தீவு அப்போது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. அங்கிருந்த படைவீரர்கள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் நீண்ட காய்ச்சலால் படுத்தனர். 1887-ல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவர், இக்காய்ச்சலால் இறந்தவர்களின் மண்ணீரலிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். புருசெல்லா என்ற பெயர் இவர் நினைவாகப் பிற்காலத்தில் வைக்கப்பட்டதே. நுண்ணுயிர் கிடைத்துவிட்டது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் தெரியவில்லை. கெட்ட காற்று, சாக்கடை, கொசு, தூசி எல்லாவற்றின்மேலும் ஐயம் விழுந்தது. சிப்பாய்களைவிட அதிகாரிகளை நோய் அதிகம் தாக்கியது ஏன் என்பதும் விளங்கவில்லை.

இதை ஆராய 1904-ல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதில் தெமிஸ்டாக்ளிஸ் சமித் என்ற மால்டா நாட்டு மருத்துவரும் இருந்தார். 1905-ல் அவர் உள்ளூர் வெள்ளாடுகளின் இரத்தத்தைச் சோதித்தார். அவ்வாடுகளில் நோயின் அடையாளம் ஏதும் இல்லை. நன்றாக மேய்ந்தன, நன்றாகக் கறந்தன. ஆயினும் பலவற்றின் இரத்தம் இந்நுண்ணுயிருக்கு எதிர்வினை காட்டியது. தொடர்ந்து பார்த்தபோது பாலிலேயே நுண்ணுயிர் இருந்தது. மால்டாவில் ஆட்டுமந்தையைத் தெருத்தெருவாக ஓட்டி வந்து, வீட்டு வாசலிலேயே கறந்து கொடுப்பது வழக்கம். கண்ணெதிரே கறந்த பால் கலப்படமற்றது என்று மக்கள் நம்பினர். கலப்படம் இல்லைதான், நோய் இருந்தது. அதிகாரிகள் சிப்பாய்களைவிட மிகுதியாகப் பால் சாப்பிட்டனர் என்பதே முன்சொன்ன புதிருக்கு விடை.

அதே 1905-ல் மால்டாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஆடுகளை ஏற்றிச் சென்ற கப்பல் ஒன்றில், வழியில் ஆட்டுப்பாலைக் குடித்த மாலுமிகள் பலர் இக்காய்ச்சலால் படுத்தனர். 1906-ல் படைவீரர்களின் உணவிலிருந்து காய்ச்சாத ஆட்டுப்பால் விலக்கப்பட்டது. படையில் நோய் ஏறக்குறைய நின்றே போயிற்று. பழைய வழக்கத்தைத் தொடர்ந்த ஊர் மக்களிடையே நோயும் தொடர்ந்தது.

இதற்கிடையே டென்மார்க்கில் கால்நடை மருத்துவப் பேராசிரியர் பெர்ன்ஹார்டு பாங், 1897-ல் கன்று வீசிய பசுவின் கருப்பையிலிருந்து வேறொரு நுண்ணுயிரைக் கண்டெடுத்திருந்தார். ஆட்டுப்பால் காய்ச்சல் வேறு, பசுவின் கன்று வீச்சு வேறு என்றே எல்லாரும் எண்ணினர். இரண்டு நுண்ணுயிர்களும் நெருங்கிய உறவினர் என்று 1918-ல் அமெரிக்காவில் ஆலிஸ் ஈவான்ஸ் என்ற பெண் ஆய்வாளர் எழுதினார். பசும்பாலையும் சூடாக்கியே விற்க வேண்டும் என்றார். பால் வணிகர்கள் எதிர்த்ததில் வியப்பில்லை. அறிவியலாளர்களிலேயே பலர் ஏற்க மறுத்தனர். இது உண்மையானால் முன்பே யாரேனும் கண்டிருக்க மாட்டார்களா என்பது அவர்கள் கேட்ட கேள்வி. ஆய்வுக்கூடத்திலேயே இந்நோய் தொற்றி, ஈவான்ஸ் பல்லாண்டுகள் விட்டுவிட்டு வரும் காய்ச்சலால் அவதிப்பட்டார். பின்னர் பிற நாட்டு ஆய்வுகளும் அவர் சொன்னதையே உறுதி செய்தன.

சினை மாட்டை மட்டும் ஏன் தேடுகிறது?

ஒரே தொழுவத்தில் கிடேரிக்கன்றும் சினை மாடும் கட்டியிருந்தால், கன்றுக்கு நோய் எளிதில் நிலைப்பதில்லை. சினை மாட்டில் நெருப்புப்போலப் பரவுகிறது. இதற்குக் காரணம் மாட்டின் உடலமைப்பிலேயே இருக்கிறது.

நுண்ணுயிர் பெரும்பாலும் வாய் வழியாக உள்ளே செல்கிறது. கன்று வீசிய மாட்டின் கழிவு பட்ட புல், வைக்கோல், தண்ணீர் ஆகியவற்றோடு அது போகும். மாடுகளுக்கு வீழ்ந்த கன்றை மோந்து நக்கும் இயல்பு உண்டு; அதுவே போதும். உள்ளே சென்றபின் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அதை விழுங்குகின்றன. சாதாரணமாக வெள்ளணு விழுங்கிய கிருமி செரிக்கப்பட்டு அழியும். புருசெல்லா அவ்வாறு அழிவதில்லை. தன்னை விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடியிருந்து பெருகுகிறது. திருடன் காவல் நிலையத்திலேயே குடியேறியதுபோல் எனலாம். மருந்துகள் அணுவுக்குள் எளிதில் எட்டுவதில்லை. ஆதலால் மாட்டில் இதற்குத் திருப்தியான சிகிச்சை இல்லை. ‘ஊசி போட்டுச் சரியாக்கிவிடலாம்’ என்று எவரேனும் கூறினால் அதை நம்பிப் பணத்தைச் செலவிட வேண்டாம்.

வெள்ளணுக்களோடு நிணநீர் முடிச்சுகளுக்குச் செல்லும் நுண்ணுயிர், மாடு சினையாகும்வரை அங்கே அடங்கியிருக்கும். சினை முதிர்ந்தபின் கருப்பைக்கு நகரும். இப்படி நகர்வதற்கான காரணத்தில் ஒரு பகுதியை 1962-ல் பிரிட்டனில் ஹாரி ஸ்மித்தும் அவருடன் பணிபுரிந்தோரும் கண்டுபிடித்தனர். பசு, ஆடு, பன்றி இவற்றின் கருவைச் சூழ்ந்த திசுக்களில் எரித்ரிடால் என்ற சர்க்கரை வகைப் பொருள் மிகுதியாக இருக்கிறது. புருசெல்லாவுக்கு இது மிகவும் விருப்பமான உணவு. குளுகோசையும் இதையும் ஒன்றாகக் கொடுத்தால் முதலில் இதைத்தான் உண்ணும். மனிதர், முயல், எலி இவற்றின் நஞ்சில் இப்பொருள் அவ்வாறு இல்லை. மாட்டைப்போல் பெருமளவில் கருச்சிதைவு அவற்றில் ஏற்படாததற்கு இது ஒரு காரணம் என்று கருதப்பட்டது. எரித்ரிடால் ஒன்றே முழுக்காரணம் அன்று என்பதும் பின்வந்த ஆய்வுகளால் தெரிய வந்துள்ளது. எனினும் கருவைச் சூழ்ந்த திசு இந்நுண்ணுயிருக்கு விருந்து வைத்த இடம் என்பதில் ஐயமில்லை. அங்கே அது பெருகும்போது கருவுக்கும் தாய்க்கும் இடையேயுள்ள முடிச்சுகள் வீங்கி அழுகுகின்றன. கருவுக்கு உணவும் உயிர்க்காற்றும் குறைகின்றன. ஐந்தாம் மாதத்துக்குப் பின், பெரும்பாலும் ஏழு, எட்டு மாதத்தில் கன்று வெளியே தள்ளப்படுகிறது.

பொலிகாளையின் விதையிலும் இந்நுண்ணுயிர் தங்கும். விதை வீங்கி, சில காளைகள் பயனற்றுப்போகும். நாட்பட்ட நோயில் முன்கால் முழங்காலில் நீர்கோத்த வீக்கம் தோன்றுவதும் உண்டு. இத்தகைய வீக்கமுள்ள மாட்டைச் சந்தையில் கண்டால் ‘எங்கோ இடித்துக்கொண்டது’ என்று விற்பவர் சொல்வதை உடனே ஏற்க வேண்டாம்.

ஒரு முறை வீசிய பின்

விவசாயிகள் பலர் ஏமாறும் இடம் இதுதான். நோய் புதிதாக நுழைந்த தொழுவத்தில் அடுத்தடுத்துப் பல மாடுகள், குறிப்பாக முதல் சினைக் கிடேரிகள், கன்று வீசும். அடுத்த ஆண்டு அதே மாடுகளில் பெரும்பாலானவை முழு மாதக் கன்றை ஈனும். நோய் போய்விட்டது என்று மகிழ்கிறோம். உண்மையில் மாடு நோயோடு ஒத்துப்போயிருக்கிறது. நோய் மாட்டை விட்டுப் போகவில்லை. மடியிலும் மடிக்கு மேலுள்ள நிணநீர் முடிச்சிலும் நுண்ணுயிர் தங்கி, விட்டுவிட்டுப் பாலில் வந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு ஈற்றின்போதும் நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் கணக்கற்ற நுண்ணுயிர்கள் வெளியேறும். கன்று உயிரோடு பிறந்தால் அங்கே நோய் இல்லை என்று பொருளாகாது. நோயுள்ள தாய்க்குப் பிறந்த கிடேரிக்கன்றுகளில் சில, நோயை உள்ளே வைத்துக்கொண்டே வளர்ந்து, தம் முதல் ஈற்றில்தான் அதை வெளிக்காட்டும். அதுவரை இரத்தச் சோதனையிலும் அவை அகப்படாமல் இருப்பதுண்டு.

மால்டாவின் ஆடுகளை இங்கே நினைவு கொள்ளலாம். பார்வைக்கு நலமாக இருந்த ஆடுகளே அங்கு நோயைப் பரப்பின.

கன்று வீச்சு எல்லாம் புருசெல்லோசிஸ் என்று முடிவு கட்டுவதும் தவறு. எலிச்சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், சில வைரஸ் நோய்கள், ஒற்றை அணு உயிரிகள், முட்டு, வழுக்கி விழுதல் ஆகியவையும் காரணமாகலாம். கண்ணால் பார்த்து வேறுபடுத்த முடியாது. சோதனை ஒன்றே வழி.

பாலில் தெரியும் நீல வளையம்

நோய் தாக்கிய மாட்டின் உடல், நுண்ணுயிரை எதிர்க்க எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. இவை இரத்தத்திலும் பாலிலும் இருக்கும். சோதனைகள் யாவும் நுண்ணுயிரைத் தேடுவதைவிட இந்த எதிர்ப்பொருளைத் தேடுவதையே எளிய வழியாகக் கொண்டுள்ளன.

அவற்றுள் மிக எளியதும், பார்க்க அழகானதும் பால் வளையச் சோதனை. கொன்ற புருசெல்லா நுண்ணுயிர்களுக்கு நீல நிறச் சாயம் ஏற்றி வைத்திருப்பார்கள். ஒரு மில்லி பாலை ஒரு சிறு குழாயில் எடுத்து, அதில் இந்த நீலக் கரைசலில் ஒரு துளி விட்டுக் கலக்கி, 37 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். பாலில் எதிர்ப்பொருள் இருந்தால் அது நீல நுண்ணுயிர்களைப் பிடித்துக் கொழுப்புத் துளிகளோடு ஒட்டிக்கொள்ளும். கொழுப்பு மேலே மிதந்து ஏடு படியும்போது நீலமும் கூடவே ஏறும். கீழே பால் வெளுத்து, மேலே நீல வளையம் நிற்கும். எதிர்ப்பொருள் இல்லையென்றால் பால் முழுதும் வெளிர் நீலமாகவே இருக்கும். மேலேயுள்ள ஏடு மட்டும் வெண்மையாக இருக்கும். பல மாடுகளின் கலப்புப் பாலிலும் இதைச் செய்யலாம் என்பதே இதன் பெருமை. ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு வரும் பாலை அவ்வப்போது சோதித்தால் எந்தத் தெருவில், எந்தக் கொட்டிலில் நோய் உள்ளது என்பதைப் படிப்படியாகக் குறுக்கிக்கொண்டு போகலாம். ஈன்ற புதிதில் வரும் சீம்பாலிலும், மடிநோய் கண்ட பாலிலும், பால் வற்றும் தறுவாயிலும் இச்சோதனை தவறான முடிவு காட்டக்கூடும். ஆட்டுப்பாலுக்கு இது பொருந்தாது.

தனி மாட்டைச் சோதிக்க இரத்தம் எடுக்க வேண்டும். ரோஸ் பெங்கால் என்ற சாயமேற்றிய நுண்ணுயிர்க் கரைசலில் ஒரு துளியையும் இரத்தத்தில் பிரிந்த தெளிநீரில் ஒரு துளியையும் தட்டில் கலந்தால், நோயுள்ள மாடாயின் சில நிமிடங்களில் திரிதிரியாகத் திரளும். இதில் ஐயத்துக்குரியவற்றை வேறு சோதனைகளால் உறுதி செய்கிறார்கள். கன்று வீசிய உடனே எடுத்த இரத்தத்தில் நோய் தெரியாமல் போகலாம். ஆதலால் சில வாரங்கள் கழித்து மறுமுறையும் சோதிக்க வேண்டும். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தின் வாயிலாக மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு மாதிரி அனுப்பலாம்.

கன்று வீசிய இரவில் செய்ய வேண்டியது

கன்று வீச்சு பெரும்பாலும் மருத்துவர் அருகில் இல்லாத நேரத்தில்தான் நடக்கும். அப்போது வீட்டார் செய்வதே நோய் பரவுவதையோ நிற்பதையோ தீர்மானிக்கிறது.

முதலில், வெறுங்கையால் எதையும் தொடக்கூடாது. வீசிய கன்றிலும் கொடியிலும் கசிவிலும் உள்ள நுண்ணுயிர்களுக்குக் கணக்கில்லை. மனிதருக்கு நோய் உண்டாக்கப் பத்து முதல் நூறு நுண்ணுயிர்களே போதும் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். கையில் சிறு சிராய்ப்பு, கண்ணில் தெறித்த ஒரு துளி, மூச்சில் சென்ற திவலை ஆகிய எந்த வழியிலும் அது நுழையும். ரப்பர் உறை இல்லாவிட்டால் தடித்த பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாம். வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ளவும். கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் அவ்விடத்துக்கு வரவே வேண்டாம். கொடி தங்கிவிட்டால் உள்ளூர்க்காரர் ஒருவரை அழைத்துக் கைவிட்டு இழுக்கச் சொல்வது மாட்டுக்கும் கேடு, அவருக்கும் கேடு. மருத்துவர் வரும்வரை பொறுக்கவும்.

அடுத்து, வீசிய கன்றையும் கொடியையும் எருக்குழியில் எறியக்கூடாது. ஈரமும் நிழலும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் புருசெல்லா மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நேர் வெயிலில் சில மணி நேரத்தில் இறந்துவிடும். எருக்குழியும் வாய்க்கால் ஓரமும் அதற்கு நிழல் தருபவை. நாய் இழுத்துச் சென்றால் நோயும் தெருவெங்கும் செல்லும். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தொலைவில், நாய் தோண்ட முடியாத அளவு ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, மேலும் கீழும் சுட்ட சுண்ணாம்பு இட்டுப் புதைக்கவும். நனைந்த வைக்கோலை எரித்துவிடவும். தரையைச் சுண்ணாம்புப் பாலோ பிளீச்சிங் பவுடர் கரைசலோ ஊற்றிக் கழுவவும். சாணத்தையும் அழுக்கையும் முதலில் அகற்றாவிட்டால் எந்த மருந்தும் வேலை செய்யாது. சோதனைக்கு மாதிரி தேவைப்படும் என்பதால், புதைக்குமுன் கால்நடை மருத்துவருக்குத் தகவல் கொடுத்துக் கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கே நம் நாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாடு ஈன்றதும் விழும் கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது பல ஊர்களில் நடக்கிறது. பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் பெருகும் என்பது நம்பிக்கை. கொடியை நாய் தின்னாமலும் மாடே தின்னாமலும் காக்க முன்னோர் கண்ட வழி இது என்றே தோன்றுகிறது. நலமாக ஈன்ற மாட்டின் விஷயத்தில் இதைப் பற்றி யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. கன்று வீசிய மாட்டின் கொடியை மட்டும் மரத்துக்குக் கொண்டு செல்லக்கூடாது. வழியெல்லாம் சொட்டும், காக்கை கொத்திச் சிதறும், சுமப்பவர் கையும் தோளும் நனையும். அது மண்ணுக்குள் போக வேண்டியது.

வீசிய மாட்டைத் தனியே கட்டவும். கசிவு முழுதும் நிற்கும்வரை, ஏறத்தாழ ஒரு மாதம், அது மற்ற மாடுகளோடு மேயவோ ஒரே தொட்டியில் நீர் குடிக்கவோ கூடாது. அதைக் கடைசியில் கறக்கவும்.

பிறகு அந்த மாட்டை என்ன செய்வது? கடினமான கேள்வி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நோயுள்ள மாடுகளைச் சோதித்துக் கண்டுபிடித்து, உரியவருக்கு அரசு இழப்பீடு கொடுத்து வெட்டினார்கள். அவ்வழியில் பல நாடுகள் நோயை ஒழித்தன. ஒன்றிரண்டு மாடுகளை வைத்துப் பிழைக்கும் நம் விவசாயிக்கு அது சாத்தியமாகத் தோன்றாது. பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், அடுத்த வாரச் சந்தையில் அம்மாடு கைமாறுகிறது. வாங்குபவரும் இன்னொரு சிறு விவசாயியே. கடன் வாங்கி, கழுத்துமணி கட்டி அழைத்துப் போகிறார். அவர் வீட்டுக் கிடேரி அடுத்த ஆண்டு கன்றை வீசும்போது காரணம் தெரியாது. சோதனையில் நோய் உறுதியான மாட்டைக் கறவைக்கென்று விற்பது எங்கள் கருத்தில் எவ்வகையிலும் தகாது. வைத்துக்கொள்வதானால் தனிக்கொட்டிலில் வைத்து, பாலைக் காய்ச்சியே பயன்படுத்தி, ஒவ்வொரு ஈற்றையும் தொற்றுள்ள ஈற்றாகவே கருதி மேற்சொன்ன காப்புகளைச் செய்ய வேண்டும். பொலிகாளைக்கு விடக்கூடாது. புதிதாக மாடு வாங்குவோர் இரத்தச் சோதனை செய்து வாங்கவும். முடியாவிட்டால் ஒரு மாதமாவது தனியே கட்டிச் சோதித்தபின் மற்றவற்றோடு சேர்க்கவும். பால் எத்தனை லிட்டர் என்று கேட்பவர்கள், முந்தின ஈற்று முழு மாதமா என்று கேட்பதில்லை.

பால், தயிர், இறைச்சி

பாலை நன்கு பொங்கக் காய்ச்சினால் புருசெல்லா இறந்துவிடும். பால் பண்ணைகளில் 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமோ, 72 டிகிரியில் 15 விநாடியோ சூடாக்கிக் குளிரவைக்கும் முறையிலும் அழிந்துவிடும். காய்ச்சிக் குடிக்கும் நம் வழக்கமே பல குடும்பங்களைத் தெரியாமலே காத்து வருகிறது. ஆனால் அவ்வழக்கத்தில் சில ஓட்டைகள் உண்டு. கறந்த சூட்டோடு குடித்தால் உடம்புக்கு வலு என்று ஒரு டம்ளரைத் தொழுவத்திலேயே குடிப்பவர்கள் இருக்கிறார்கள். இளைத்த குழந்தைக்கு வெள்ளாட்டுப் பாலைப் பச்சையாகக் கொடுக்கும் வீடுகளும் உள்ளன. ஆட்டின் நுண்ணுயிரே கடுமையானது என்பதை முன்பே சொன்னோம். கறந்த பாலின் சூடு மாட்டின் உடல் சூடு. நுண்ணுயிர் வளர்வதற்கு ஏற்ற சூடும் அதுவே. சீம்பாலையும் உள்வரை வெந்து கட்டியாகும்படி அவித்தே உண்ண வேண்டும்.

காய்ச்சிய பாலை உறை ஊற்றிய தயிருக்கும் மோருக்கும் அஞ்ச வேண்டியதில்லை. பச்சைப் பாலில் செய்த பன்னீர், பாலாடைக்கட்டி, வெண்ணெய் ஆகியவற்றில் நுண்ணுயிர் பல நாள் உயிரோடு இருக்கும். புளிப்பு அதைக் கொன்றுவிடும் என்று நம்பியிருக்கக்கூடாது. இறைச்சியை நன்றாக வேக வைத்தால் கேடில்லை. அறுக்கும்போதும் கழுவும்போதும்தான் எச்சரிக்கை வேண்டும். மண்ணீரல், மடி, கருப்பை இவற்றில் நுண்ணுயிர் மிகுதி.

கிடேரிக்கன்றுக்கு ஒரே ஒரு ஊசி

1923-ல் அமெரிக்காவில் ஜான் பக் என்பவர் ஒரு ஜெர்சிப் பசுவின் பாலிலிருந்து புருசெல்லா அபார்ட்டசைப் பிரித்தெடுத்தார். அந்தக் குப்பி ஆய்வுக்கூட மேசைமேல் ஓர் ஆண்டுக்கு மேல் சாதாரண வெப்பத்திலேயே கிடந்துவிட்டது. எடுத்துப் பார்த்தபோது நுண்ணுயிர் உயிரோடு இருந்தது; ஆனால் நோய் உண்டாக்கும் வீரியம் பெருமளவு குறைந்திருந்தது. எஸ் 19 என்ற தடுப்பூசி இவ்வாறு கிடைத்ததே. நூற்றாண்டு கடந்தும் உலகின் பல நாடுகளில் இதுவே பயன்பாட்டில் உள்ளது. எரித்ரிடால் இருக்குமிடத்தில் வீரியமுள்ள நுண்ணுயிர் செழித்து வளர, இந்த எஸ் 19 மட்டும் வளர்ச்சி குன்றுகிறது என்பது பின்னால் தெரிந்த வியப்பான செய்தி.

இந்தியாவில் கோமாரி, கன்று வீச்சு ஆகிய இரு நோய்களையும் கட்டுப்படுத்தும் தேசியத் திட்டம் 2019-ல் தொடங்கப்பட்டது. இதன்படி 4 முதல் 8 மாத வயதுள்ள பசு, எருமைக் கிடேரிக்கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே முறை இத்தடுப்பூசி போடப்படுகிறது. இந்த வயது வரம்பைக் குறித்துப் பலர் கேட்கிறார்கள். எட்டு மாதத்துக்குமேல் போட்டால் ஊசியால் உண்டான எதிர்ப்பொருள் இரத்தத்தில் நெடுநாள் நின்று, மாடு பெரிதானபின் சோதித்தால் நோயுள்ளதுபோலவே காட்டும். இளங்கன்றில் அந்த எதிர்ப்பொருள் பருவத்துக்கு வருமுன் பெரும்பாலும் மறைந்துவிடும். பாதுகாப்பு மட்டும் நிற்கும். சினை மாட்டுக்குப் போட்டால் ஊசியே கன்று வீச்சுக்குக் காரணமாகலாம். காளைக்கன்றுக்குப் போட்டால் விதை கெடலாம். ஆகவே ‘கையோடு எல்லாவற்றுக்கும் போட்டுவிடுங்கள்’ என்று கேட்கக்கூடாது.

ஊசி போட்ட எல்லாக் கன்றும் முழுப் பாதுகாப்புப் பெறும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஊரிலுள்ள கிடேரிகள் யாவும் ஆண்டுதோறும் தவறாமல் ஊசி பெற்றால், கன்று வீச்சு குறையும். கொட்டப்படும் நுண்ணுயிர் குறையும். எஞ்சிய மாடுகளுக்கும் தொற்றும் வாய்ப்பு குறையும். ஒரு வீட்டார் மட்டும் போட்டுக்கொள்வதில் பயன் பாதிதான். போட்ட கன்றுக்குக் காதுவில்லை எண்ணைச் சேர்த்துப் பதிவு செய்து வாங்கிக்கொள்ளவும். பின்னால் விற்கும்போதும் சோதிக்கும்போதும் அது பயன்படும்.

இது உயிருள்ள நுண்ணுயிரைக் கொண்ட மருந்து. பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்தபின் தாமதிக்காமல் போட வேண்டும். கன்றைப் பிடித்துக்கொள்பவர் கையில் ஊசி தவறிக் குத்தினாலோ, கண்ணில் மருந்து தெறித்தாலோ மனிதருக்கும் நோய் வரும். உடனே கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்கவும். கன்று திமிறாதபடி கட்டி வைத்துக் கொடுப்பது உரியவர் செய்யக்கூடிய உதவி. ஆர்.பி. 51 என்ற மற்றொரு உயிர்த் தடுப்பூசி 1996 முதல் அமெரிக்காவில் உள்ளது. இரத்தச் சோதனையைக் குழப்பாதது அதன் சிறப்பு. 2017-ல் அந்நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் காய்ச்சாத பாலைக் குடித்த ஒருவருக்கு அந்தத் தடுப்பூசி நுண்ணுயிராலேயே காய்ச்சல் வந்தது. தடுப்பூசி போட்ட மாடாயிற்றே என்று பாலைப் பச்சையாகக் குடிக்கலாகாது என்பதற்கு இது சான்று.

மனிதருக்கு இந்நோய் வந்தால் குணப்படுத்த மருந்து உண்டு. இரண்டு வகை மருந்துகளைச் சேர்த்து ஆறு வாரம் அளவுக்குத் தொடர்ந்து சாப்பிட வேண்டியிருக்கும். காய்ச்சல் நின்றதும் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பி வரும். முதுகெலும்பிலும் மூட்டிலும் தங்கிவிடும். ஆண்களுக்கு விதை வீக்கமும் உண்டாகலாம். சாதாரணக் காய்ச்சலுக்குச் செய்யும் சோதனைகளில் இது தெரியாது. மருத்துவர் ஐயப்பட்டுத் தனியாகக் கேட்டால்தான் சோதிப்பார்கள். ஆகையால் நாட்பட்ட காய்ச்சலோடு மருத்துவமனைக்குச் செல்லும் கால்நடை வளர்ப்போர், வீட்டில் ஆடு மாடு இருப்பதையும், அண்மையில் எதுவும் கன்று வீசியதா, குட்டி வீசியதா, அதற்குக் கைவைத்தது யார், பச்சைப் பால் குடித்தது யார் என்பதையும் மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் தாமே சொல்ல வேண்டும்.